மேடையில் அமைச்சர் ஏறினால் கஷாயம் மருந்தாகிவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீயைச் சொல்லிட்டு உட்கார்ந்து படிங்க.

2021 பிப்ரவரி 19, தில்லி. பதஞ்சலி கம்பெனியின் ‘கொரோனில்’ மாத்திரைக்கு ஒரு மேடை. ராம்தேவ், பாலகிருஷ்ணா, அவர்களோடு ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி. நாட்டுக்குத் தடுப்பூசி ஏற்பாடு செய்ய வேண்டிய அமைச்சர், அதுவும் காது மூக்கு தொண்டை படித்த டாக்டர், ஒரு தனியார் கம்பெனி மாத்திரை அறிமுகத்துக்குப் போய் நிற்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரும் அந்த விளம்பரத்துக்குள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே அந்த நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் பதில் போட்டது: கோவிட் சிகிச்சைக்காக எந்தப் பாரம்பரிய மருந்தின் பலனையும் நாங்கள் ஆய்வு செய்யவும் இல்லை, சான்று தரவும் இல்லை. அதுக்கப்புறம்தான் பதஞ்சலி தரப்பு, அது இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுத்த சான்று என்று விளக்கம் சொன்னது.

இதே கொரோனில் 2020 ஜூன் 23-ஆம் தேதி ஹரித்வாரில் முதல்தடவை வெளியானபோது என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? “ஏழே நாளில் நூற்றுக்கு நூறு குணம்” என்றார்கள். சோதனையில் இருந்தது 95 பேர். அறிகுறியே இல்லாதவர்கள், லேசான அறிகுறி உள்ளவர்கள். சும்மா வீட்டில் படுத்திருந்தாலே பெரும்பாலும் தேறிவிடக்கூடியவர்கள். உத்தரகாண்ட் அரசிடம் உரிமம் வாங்கினது இருமல், காய்ச்சல், எதிர்ப்பு சக்திக்கு. விண்ணப்பத்தில் கொரோனா என்ற பேச்சே இல்லை என்று அந்த மாநில அதிகாரிகளே சொன்னார்கள். ஒன்றிய ஆயுஷ் அமைச்சகமே விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது.

எட்டு மாசம். அதே ஒன்றிய அரசு, அதே மாத்திரை. ‘சிகிச்சைக்குத் துணை’ என்று ஆயுஷ் அமைச்சகம் ஒரு பெயரைக் கொடுத்தது. கூடவே அமைச்சர்கள் மேடை ஏறினார்கள். 2021 மே மாதம், ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்க தெருத்தெருவா அலைஞ்சப்போ, ஹரியானா பாஜக அரசு ஒரு லட்சம் கொரோனில் பெட்டிகளை நோயாளிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. பாதிச் செலவு பதஞ்சலி, பாதிச் செலவு மாநிலத்தின் கோவிட் நிவாரண நிதி. நிவாரண நிதி யார் காசு தோழர்?

மாத்திரை வேலை செஞ்சதா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மேடை என்ன செஞ்சதுன்னு பாருங்க. அதுவரைக்கும் “ஆதாரம் எங்கே?” என்பது ஒரு சாதாரணக் கேள்வி. அமைச்சர் ஏறினதும் அது அரசுக்கு எதிரான கேள்வி ஆயிடுச்சு. இந்திய மருத்துவச் சங்கம் கேட்டா “மருந்து மாஃபியா”. நீங்க நான் கேட்டா “தேசத் துரோகி”, “இந்துப் பாரம்பரியத்தின் எதிரி”. மருந்தைப் பற்றிப் பேச வந்தவன் தன்னுடைய தேசபக்தியை நிரூபிக்க வேண்டிய நிலைமை. மாத்திரை தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை!

வடக்கே நடந்த கூத்துன்னு சிரிக்கத் தோணும். சிரிக்காதீங்க. இந்த வேலைக்கு நம்ம ஊரும் புதுசு இல்லை.

1996. நம்ம ராஜபாளையம் பக்கம் இடையன்குளம். தண்ணியில் மூலிகையைப் போட்டா பெட்ரோல் என்று ராமர் பிள்ளை சொன்னார். நான் பிறப்பதற்கு முந்தின கதை, ஆனா ஊர்ப் பெரியவங்க இன்னைக்கும் டீக்கடையில் பேசுவாங்க. அது மருந்து இல்லைதான், ஆனா விவாதம் போன தடம் இதே தடம். முதல்வர் கலைஞரின் அரசு ஆதரவு கொடுத்தது. தில்லி வரைக்கும் நம்பினாங்க. சந்தேகப்பட்ட விஞ்ஞானிகளைப் பார்த்து “ஏழை வீட்டுப் பையன், கிராமத்தான், தமிழன், அதான் பொறுக்கலை” என்றார்கள். சென்னை ஐஐடி-யில் செய்து காட்டச் சொன்னப்போ நிரூபிக்க முடியலை. அப்புறம் வழக்கு, சிபிஐ என்று போனது தனிக்கதை. தண்ணீர் எப்படிப்பா பெட்ரோல் ஆகும், அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்று பிளஸ் ஒன் வேதியியல் படிச்ச பிள்ளை கேட்டிருக்கும். கேட்க விடலை. ஏன்னா மேடை போட்டாச்சு.

அடுத்து 2017. தமிழ்நாட்டில் அந்த வருஷம் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு. அரசு ஊர் ஊரா நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. கட்சிக்காரங்க, ரசிகர் மன்றங்கள், லயன்ஸ் சங்கம், எல்லாரும் அண்டா வச்சாங்க. அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், சரியான ஆய்வு முடிவு வரும்வரை விநியோகத்தில் ஈடுபட வேண்டாம் என்று தன் இயக்கத்தாரிடம் சொன்னார். அலோபதிக்காரர்தான் ஆராயணும் என்றுகூட இல்லை, பாரம்பரிய மருத்துவத்தார் செய்தாலும் சரி என்றுதான் சொன்னார். அப்போ அவர் கட்சிகூடத் தொடங்கலை. அவருடைய அரசியல் நமக்கு ஒத்துவராது, அது வேற. ஆனா கேட்டது நியாயமான கேள்வி. பதிலுக்கு என்ன வந்தது? சென்னை போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் அவர் மேல் புகார். ஆய்வு கேட்டவன் மேல் போலீஸ் புகார் கொடுத்த மாநிலம் நம்ம மாநிலம். உத்தரகாண்டைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறது?

“நிலவேம்பு பற்றி ஆய்வு இருக்கே” என்பீங்க. இருக்கு. டெங்கு, சிக்குன்குன்யா வைரஸ்கள் மேல் சோதனை செய்து 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. அது ஆய்வகத்தில் செல்களை வச்சுப் பார்த்தது. எடுத்துக்கிட்டது எத்தனால் சாறு, அதாவது சாராயத்தில் இறக்கினது. ஜனங்க குடிச்சது தண்ணியில் காய்ச்சினது. அந்த ஆய்வு தப்புன்னு சொல்லலை, நல்ல தொடக்கம். மனுஷங்க மேல், போதுமான எண்ணிக்கையில், குடிச்சவங்க ஒரு பக்கம் குடிக்காதவங்க ஒரு பக்கம்னு வச்சு ஒப்பிட்டுப் பார்க்காதவரைக்கும் அது தொடக்கம் மட்டும்தான். அந்தத் தொடக்கத்துக்கு முன்னாடியே அண்டா தெருவுக்கு வந்தாச்சு.

“கஷாயம்தானே, குடிச்சா என்ன குறைஞ்சு போச்சு?” இதுதான் நம்ம தோழர்களே அடிக்கடி கேட்கிற கேள்வி. இந்த இடத்தை மட்டும் நிதானமா படிங்க.

டெங்கு வந்த பெரும்பாலானவங்களுக்கு மூணாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள்ளே காய்ச்சல் தானாகவே இறங்கிடும். எதைக் குடிச்சிருந்தாலும் இறங்கும், எதுவுமே குடிக்காட்டியும் இறங்கும். அன்றைக்கு எது கையில் இருந்ததோ அதுக்குப் பேர் போகும். ஆனா சிலருக்கு ஆபத்துக் கட்டம் ஆரம்பிக்கிறதே அப்போதான், காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாளில். ரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும், பிளேட்லெட் சரியும், பிரஷர் விழும். கடுமையான வயிற்று வலி, நிக்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், பிள்ளை துவண்டு போறது, இதெல்லாம் அடையாளம். உடனே ஆஸ்பத்திரியில் சலைன் ஏத்தி, மணிக்கு மணி பார்த்தால் பிழைச்சுக்கும். “கஷாயம் குடுத்தோம், காய்ச்சல் விட்டுருச்சு, இனிமே பயமில்லை” என்று வீட்டில் படுக்க வச்சிருந்தா? குறைஞ்சு போறது இதுதான். கஷாயத்தில் விஷம் இருக்குன்னு யாரும் சொல்லலை. “குணமாயிடும்” என்று தலைவர் படம் போட்ட பேனர் கொடுத்த தைரியம் இருக்கே, அதுதான் உயிர் வாங்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. டெங்குவை உண்மையிலேயே தடுக்கணும்னா என்ன வேணும்? தினமும் குழாயில் தண்ணி வரணும். பத்து நாளுக்கு ஒரு தடவை வந்தா, ஜனங்க டிரம்மில் பிடிச்சு வைக்காம வேறென்ன செய்வாங்க? ஏடிஸ் கொசு முட்டை போடுறது அந்த நல்ல தண்ணியில்தான். வீடு வீடா வந்து தொட்டியைப் பார்த்து மருந்து ஊத்துற கொசு ஒழிப்புப் பணியாளர்களைத் தினக்கூலியில் வச்சிருக்காங்களே, அவங்களை நிரந்தரம் பண்ணணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்க ஆள் வேணும். இதுக்கெல்லாம் பட்ஜெட் வேணும், வருஷக்கணக்கா உழைக்கணும், போட்டோ வராது. அண்டாவுக்குச் செலவு கம்மி, போட்டோ உடனே வரும். ஆட்சியில் இருக்கிறவனுக்குக் கஷாயம் ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு இப்ப புரியுதா?

கொரோனா வந்தப்போ கபசுரக் குடிநீர் அண்டா. எந்தக் கட்சிக் கொடி அந்த அண்டா மேல் சாயலைன்னு சொல்லுங்க பார்ப்போம். ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் இன்னும் ஒரு படி மேலே. 2020 ஜனவரி 29-ஆம் தேதி, கொரோனாவைத் தடுக்க ‘ஆர்சனிகம் ஆல்பம் 30’ என்ற ஹோமியோபதி மருந்தைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் முதல் நோயாளி திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது ஜனவரி 30. நோயாளி வர்றதுக்கு முதல் நாளே தடுப்பு மருந்து ரெடி! ‘30’ என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது தடவை கரைக்கிறது. ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர். பி.இ. முதல் செமஸ்டர் வேதியியல் பாஸ் பண்ணினவங்க அவகாட்ரோ எண்ணை நினைச்சுப் பாருங்க, அது இருபத்து மூணு சைபர் கணக்கு. அந்த உருண்டையில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிச்சம் இருக்குமான்னு நீங்களே போட்டுப் பாருங்க.

படிச்சவங்க இதில் மாட்ட மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை இருந்தா அதையும் விட்டுடுங்க. 2025 மாட்டுப் பொங்கல் அன்று சென்னையில் ஒரு கோசாலை விழா. சென்னை ஐஐடி இயக்குநர் காமகோடி பேசுகிறார்: காய்ச்சலில் இருந்த ஒரு சந்நியாசி கோமியம் குடித்தார், பதினைந்து நிமிஷத்தில் காய்ச்சல் போய்விட்டது. ஒரு ஆள். ஒரு தடவை. எத்தனை டிகிரி இருந்தது, வேறு என்ன சாப்பிட்டிருந்தார், ஒண்ணும் கிடையாது. இதே அளவு டேட்டாவை வச்சு ஒரு மாணவன் ஐஐடி-யில் பிராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தா பாஸ் போடுவாங்களா? விமர்சனம் வந்த பிறகு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கு என்றார். இருக்கட்டும், படிப்போம். சோதனைக்குழாயில் கிருமி சாகுதுன்னா, பினாயில் ஊத்தினாலும் சாகும். அதை எடுத்துக் குடிக்கிறதில்லையே.

பேச்சு அங்கேயே, கட்டுரையைப் பற்றி நடந்திருந்தா நல்ல விவாதமா இருந்திருக்கும். நடக்க விட்டாங்களா? பாஜக உள்ளே வந்தது. மாட்டுக்கறி சாப்பிடுவதை உரிமை என்கிறீர்கள், கோமியம் என்றால் மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள் என்கிற மாதிரி தமிழிசை சௌந்தரராஜன் கேட்டார். கேள்வி காய்ச்சலைப் பற்றி, பதில் மாட்டுக்கறியைப் பற்றி! ஒரே நாளில் விவாதம் மருத்துவத்தை விட்டு மதத்துக்குத் தாவியாச்சு. இதை அவங்க தெரியாம செய்யலை. மருத்துவத்தில் தோற்கிற கேள்வியை மதத்துக்கு இழுத்துட்டுப் போனா ஜெயிக்கலாம் என்று அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

இப்போ நம்ம பக்கம் வர்ற கேள்வி: “அப்போ சித்த மருத்துவத்துக்கு எதிரியா நீங்க?”

இல்லை. சதுரகிரி மலை அடிவாரத்துக்காரன்கிட்ட மூலிகையே பொய் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? சர்ப்பகந்தா என்ற செடி. ரத்த அழுத்தத்துக்கு அதை மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, பிரஷரை அளந்து, 1949-இல் பிரிட்டனின் இதயநோய் ஆய்விதழில் எழுதினார். உலகம் முழுக்க அந்தச் செடி மருந்தாச்சு. அதிகமா கொடுத்தா மனச்சோர்வு வருது என்பதையும் பிறகு அளந்துதான் கண்டுபிடிச்சாங்க. அந்தச் செடியைத் தூக்கிக்கிட்டு எந்த அமைச்சரும் மேடை ஏறலை, ஏற வேண்டிய தேவையும் வரலை. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கும் ஆய்வுப் பணம் கொடு, பெரிய அளவில் மருத்துவச் சோதனை நடத்து, நல்ல முடிவோ கெட்ட முடிவோ வெளியிடு என்று கேட்கிறவன்தான் சித்தத்துக்கு நண்பன். “நம்ம பாட்டன் சொன்னது, கேள்வி கேட்காதே” என்கிறவன் அதைப் போஸ்டருக்கு மட்டும் வச்சுக்கிறான்.

இனி சட்டத்துக்கு வருவோம். முக்கியமான விஷயம் இங்கேதான் சத்தமில்லாம நடந்திருக்கு.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 170 என்று ஒரு விதி 2018 கடைசியில் சேர்க்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துக்கு விளம்பரம் போடணும்னா மாநில உரிம அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி எண் வாங்கணும். நல்ல விதி. 2023 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அந்த விதியின்படி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது. விதி புத்தகத்தில் இருக்கு, ஆனா அமல்படுத்தாதே! பதஞ்சலி மேல் இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு அப்போ நடந்துக்கிட்டிருக்கு. 2024 பிப்ரவரி 27 அன்று, அரசு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள், பத்திரிகையில் மன்னிப்பு விளம்பரம் போட்டார்கள். நாம எல்லாரும் மீம் போட்டுக் கொண்டாடினோம்.

நாம மீம் போட்ட சூட்டில், 2024 ஜூலை 1-ஆம் தேதி அந்த 170-ஆவது விதியையே ஒன்றிய அரசு எடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 27-இல் அதுக்கு இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்து வைத்தார்கள், தடையும் போச்சு. மன்னிப்பு கேட்டவர் மன்னிப்போடு போனார். விதி போனது போனதுதான். அடுத்த ராம்தேவுக்கு வழியில் இருந்த கேட்டைக் கழட்டி வச்சாச்சு.

நம்ம சத்திரப்பட்டித் தோழர்களுக்கு இது நல்லாப் புரியும். நீங்க நெய்யிற பேண்டேஜ் துணி இதே சட்டத்தின் கீழ்தான் வருது. இத்தனை இழை இருக்கணும், இத்தனை எடை இருக்கணும் என்று விதிப் புத்தகத்தில் தனி அட்டவணையே இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஒரு ரோல் வெளியே போகாது. இழை குறைஞ்சா சரக்கு திரும்பி வரும், கூலி போகும். காயத்தில் சுத்துற துணிக்கு இத்தனை கட்டுப்பாடு. சரியானதுதான், வேணும்தான். அதே புத்தகத்தின் கீழ் விற்கிற ஒரு லேகியத்தின் விளம்பரம், “சர்க்கரையை வேரோடு அறுக்கும்” என்று டிவி-யில் ஓடலாம், முன்கூட்டி யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. தறிக்காரனுக்கு ஒரு நியாயம், மேடைக்காரனுக்கு ஒரு நியாயம்.

ஆனா எல்லா வழியும் அடைபடலை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. நீரிழிவு, புற்றுநோய், கண்புரை, பக்கவாதம் என்று 54 நோய்களின் பட்டியல். இதைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் போட்டாலே குற்றம். முதல்தடவை ஆறு மாசம் வரை சிறை, மறுபடி செய்தா ஒரு வருஷம் வரை. வழக்குப் போட ஒன்றிய அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், மாநிலமே போடலாம். கேரளா போட்டுக் காட்டியது. கண்ணூரில் ஒரு கண் டாக்டர் விடாமல் ஆர்டிஐ போட்டு, புகார் மேல் புகார் கொடுத்தார். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-இல் கோழிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் பதஞ்சலியின் திவ்யா பார்மசி மேல் வழக்குத் தொடர்ந்தது. 2025 தொடக்கத்தில் பாலக்காடு நீதிமன்றம் ராம்தேவுக்கும் பாலகிருஷ்ணாவுக்கும் வாரண்ட் போட்டது, வராததால் ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்டும் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போகாம, ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்த வேலை இது.

தமிழ்நாட்டில் ஏன் நடக்கக் கூடாது? இதே விளம்பரங்கள் இங்கேயும் தமிழில் வந்தன. லோக்கல் சேனலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பாருங்க, பட்டியலில் உள்ள பாதி நோய் ஒரு மணி நேரத்தில் குணமாயிடும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தாலே மீதியும் தெரியும்.

அதனால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறைக்கும் நம்ம கிளையில் இருந்து மனு கொடுக்கிறோம். கேட்பது இதுதான்: 1954 சட்டத்தில் இதுவரை எத்தனை வழக்குப் போட்டீங்க, இனிமே வர்ற புகாருக்கு எத்தனை நாளில் பதில் சொல்வீங்க. பதில் வரலைன்னா ஆர்டிஐ. அதுக்கும் பதில் வரலைன்னா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்.

நீங்க செய்ய வேண்டியது: இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் பட்டா போட்டோ எடுங்க. பேப்பர் என்றால் பெயர், தேதி, பக்கம் தெரியணும். டிவி என்றால் சேனல் லோகோவும் நேரமும் தெரியணும். நோயின் பெயர் படிக்கிற மாதிரி இருக்கணும், அதுதான் வழக்கில் நிக்கும். நாட்டு வைத்தியம் பார்க்கிற பெரியவங்க வீட்டு முன்னால் போய் சண்டை போடாதீங்க. நம்ம சண்டை அவங்களோட இல்லை, கோடிக்கணக்கில் விளம்பரம் போடுற கம்பெனியோடயும் அதுக்கு மேடை போட்டுக் கொடுக்கிற ஆட்சியோடயும்தான். நம்ம குரூப்பில் “தமிழனின் மருந்து, உலகமே வியக்குது” என்று பார்வர்டு வந்தா, அனுப்பினவர் எவ்வளவு மூத்த தோழரா இருந்தாலும், மரியாதையா ஒரு வரி: “ஆய்வு எங்கே வந்திருக்கு தோழர்?”

வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளை அலுவலகத்தில் மனு எழுதுறோம். போட்டோ சேர்த்து வச்சிருக்கிறவங்க பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. சத்திரப்பட்டியில் இருந்து வர்றவங்க, இழைக் கணக்கு போட்ட அந்த லைசென்ஸ் தாளின் நகல் ஒண்ணு கொண்டு வாங்க, மனுவோட இணைக்கணும்.

தகவல் தொழில்நுட்பப் பிரிவு, சோழபுரம்

#ஆதாரம்_எங்கே #170_விதி_எங்கே